மிளகாய் நாற்று: எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது?

யூடியூபில் மிளகாய் விதையை முளைக்க வைப்பது எப்படின்னு ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்திலிருந்து வரும் வீடியோக்களில் மூன்று விஷயங்கள் அநேகமாகத் தவறாமல் இருக்கும். நாற்றுத் தட்டுக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் ஒரு பாய். தட்டுக்கு மேலே தொங்கும் ஒரு விளக்கு. அப்புறம் ஒரு கணக்கு: உங்கள் ஊரில் கடைசி உறைபனி விழும் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து எட்டு முதல் பத்து வாரம் பின்னால் போங்கள், அன்றைக்கு வீட்டுக்குள் விதையுங்கள்.

உளுந்தூர்பேட்டையில் கடைசி உறைபனி எப்போது? டோல்கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அக்காவிடம் கேட்டால் சிரிப்பார்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அந்தக் கணக்கின் லாஜிக் சரியானது. ஒரு செடியால் தாங்க முடியாத பருவம் எது என்று கண்டுபிடி, அதை வைத்து விதைக்கிற நாளைக் குறி. அவர்களுக்கு அந்த எல்லை குளிர். நமக்கு அது கத்திரி வெயில். எல்லையை மாற்றாமல் அவர்களுடைய வழிமுறையை மட்டும் எடுத்து வருவதால்தான் இங்கே மொட்டை மாடிகளில் நிறைய விதை வீணாகிறது. "ஈரத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடி, சூடான இடத்தில் வையுங்கள்" என்ற அறிவுரை ஒட்டாவாவில் மார்ச் மாதத்துக்குப் பொருந்தும். நம்ம ஊரில் சித்திரை மாதம் அதைச் செய்தால் விதை வெந்துவிடும்.

பத்து ரூபாய் விதைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பீர்கள். கடையில் பாக்கெட் கிடைக்கிற ரகம் என்றால் தேவையில்லை, போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து வந்த காந்தாரி, பாட்டி ஊறுகாய்க்கு என்றே வைத்திருந்த ஒரு குண்டு மிளகாய், இப்படி வீட்டோடு வந்த ரகங்களுக்குப் பாக்கெட் கிடையாது. கையில் இருப்பது இருபது விதை. அது போனால் அந்த வரிசையே போச்சு.

இந்த இருபது விதைக் கணக்கை விவசாயியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு ஒரு கிலோ மிளகாய் விதை என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை (வீரிய ஒட்டு ரகம் என்றால் இன்னும் குறைவு). மிளகாய் விதை ஒரு கிராமுக்குச் சுமார் 150 முதல் 200 வரை இருக்கும். அதாவது ஒரு கிலோவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 60க்கு 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய செடிகளோ வெறும் 37,000. ஒரு செடிக்கு நாலைந்து விதை போகலாம் என்று அந்தப் பரிந்துரையே இடம் விட்டிருக்கிறது. சான்று விதைக்கான மத்திய அரசுத் தரநிலையும் மிளகாய்க்கு 60 சதவீத முளைப்புத்திறன் இருந்தால் போதும் என்கிறது. தக்காளிக்கும் கத்தரிக்கும் அது 70. இருபது விதை வைத்திருக்கிற நமக்கு இந்தத் தாராளம் கட்டுப்படியாகாது. அதனால் விதைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது லாபம்.

மிளகாய் விதைக்குள் கரு சுருண்டு படுத்திருக்கும். அதைச் சுற்றிலும் முளைசூழ் தசை, பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த அதேதான். வேர் நுனி வெளியே வரவேண்டிய இடத்திலும் இந்தத் தசை ஒரு மூடி மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் உள்ளே போன பிறகு சில என்சைம்கள் சுரந்து அந்த மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கவேண்டும். அதற்கப்புறம்தான் வேர் முட்டிக்கொண்டு வெளியே வரும். உளுந்தை ராத்திரி ஊறப்போட்டு முடிச்சுக் கட்டினால் மறுநாளே முளை விடுகிறது (ஊர்ப் பேரிலேயே உளுந்து இருக்கும்போது வேறு உதாரணம் எதற்கு?). மிளகாய் ஒரு வாரம், பத்து நாள் காக்க வைப்பதற்கு இந்த மூடி ஒரு முக்கியக் காரணம். என்சைம் வேலை என்றாலே வெப்பநிலை வந்துவிடும்.

கலிஃபோர்னியாவில் விதை ஆராய்ச்சி செய்த ஹாரிங்டன் என்பவர் 1950களில் காய்கறி விதைகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறார்கள். அதில் மிளகாய் இனத்துக்கான வரிசை இப்படிப் போகிறது: மண் 15 டிகிரி செல்சியஸில் இருந்தால் முளைக்க 25 நாள். 20 டிகிரியில் 13 நாள் வாக்கில். 25லும் 30லும் சுமார் 8 நாள். 35 டிகிரியில் 9 நாள். 40 டிகிரியில் பூஜ்யம்.

கடைசி இரண்டு எண்களைத்தான் நாம் கவனிக்கவேண்டும். 35க்கும் 40க்கும் நடுவில் எங்கேயோ கதவு சாத்தப்படுகிறது. குளிர் நாட்டுக்காரருக்கு இந்த வரிசையின் முதல் பாதிதான் கவலை, அதனால்தான் சூட்டுப் பாய் வாங்குகிறார். நம்ம பக்கம் மே மாதத்தில் காற்றே 40ஐத் தொடும். இது நிழலில் அளக்கிற கணக்கு. நேர் வெயிலில் கான்கிரீட் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கருப்புக் குழித்தட்டில் இரண்டு விரல் மண்தான் இருக்கிறது. அது காற்றைவிட எவ்வளவோ அதிகமாகச் சூடாகும். சந்தேகமாக இருந்தால் முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, மதியம் இரண்டு மணிக்கு மண்ணுக்குள் செருகிப் பாருங்கள். தோட்டத்துக்கு வாங்கும் கருவிகளில் அதைவிட உபயோகமானது எதுவும் இல்லை என்பது என் கட்சி.

ஆக, விதைத்த தட்டுக்கு நமக்கு வேண்டியது வீட்டுக்குள் காற்றோட்டமான ஒரு ஓரம், அல்லது வேப்பமர நிழல். முளைக்கும் வரை வெளிச்சம்கூடப் பெரிதாகத் தேவையில்லை. முளை தலை தூக்கிய அன்றே வெளிச்சத்துக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் நூல் மாதிரி நீண்டுவிடும். 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் காலை வெயில் படுகிற இடம் சரியாக இருக்கும். விளக்கு வாங்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வெளிச்சம் ஒன்றுதான் நம்ம ஊரில் இலவசமாகக் கொட்டுகிறது.

அடுத்தது தண்ணீர். இதில்தான் அன்பு ஆளைக் கொல்லும். அந்த மூடி இளகும் வேலைக்கு விதை மூச்சு விடவேண்டும், அதாவது ஆக்ஸிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி முழுக்கத் தண்ணீரால் நிறைந்தால் காற்று போக வழியில்லை. களிமண் கலந்த நம்ம மண்ணை அப்படியே குழித்தட்டில் நிரப்பினால் இதுதான் நடக்கும். கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, இது போதும். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. விதையை அரை செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைக்கவேண்டாம்.

ஈரம் அதிகமானால் மூச்சுத் திணறலோடு முடிவதில்லை. முளைத்து இரண்டு இலை விட்ட நாற்று, முந்தின நாள் நன்றாக நின்றது, காலையில் பார்த்தால் படுத்துக் கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நீர்க்கசிவோடு நூலாகச் சுருங்கியிருக்கும். இதுதான் நாற்றழுகல். காரணம் பித்தியம் என்ற நுண்ணுயிர்க் கூட்டம். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உறவுமுறையில் பாசிகளுக்குப் பக்கத்து வீடு. இதன் வித்துகளுக்கு வால் உண்டு, ஈரமான மண்ணில் நீந்திப்போய் அடுத்த நாற்றைப் பிடிக்கும்.

இங்கேயும் ஊர் மாறினால் கதை மாறுகிறது. குளிர் நாடுகளில் தொல்லை தரும் பித்தியம் வகைகள் குளிர்ந்த ஈர மண்ணில் செழிப்பவை. அதனால் "மண்ணைச் சூடாக வை, அழுகாது" என்று அங்கே சொல்கிறார்கள். நம்ம பக்கத்து நாற்றங்காலில் அதிகம் அடிபடும் பித்தியம் அஃபனிடெர்மேட்டம் 30 டிகிரிக்கு மேலே குஷியாக வளரும் ரகம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு விருந்து. பிளாஸ்டிக் மூடி போட்ட தட்டு இங்கே ஏன் ஆபத்து என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவையில்லை. காலையில் மட்டும் தண்ணீர், மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகு. நாற்றுகளை நெருக்கமாக விடாதீர்கள். விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாஸ் பொடியில் விதையைப் புரட்டி எடுக்கலாம். கிலோவுக்கு முறையே 4 கிராம், 10 கிராம் என்பது பரிந்துரை. நம் இருபது விதைக்கு விரல் நுனியில் ஒட்டுகிற அளவே அதிகம்.

காயின் காரத்துக்கும் இந்த அழுகலுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. காரம் விதையில் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில்தான் கேப்சைசின் உற்பத்தியாகிறது. விதை அதில் உரசிக் காரத்தைப் பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான். செடி ஏன் விதைக்குப் பக்கத்திலேயே இந்தத் தொழிற்சாலையை வைத்தது? ஜோஷுவா டியூக்ஸ்பரி என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இதை இரண்டு பக்கமிருந்து பார்த்தார். 2001இல் கேரி நப்ஹானோடு சேர்ந்து அரிசோனாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்தபோது, பறவைகள் காரத்தைக் கண்டுகொள்ளாமல் தின்கின்றன, அவற்றின் வயிற்றுக்குள் போய் வந்த விதை நன்றாகவே முளைக்கிறது என்று தெரிந்தது. எலிகளோ காரத்தைத் தொடவில்லை. காரமில்லாத மிளகாயைக் கொடுத்துப் பார்த்தால், எலி தின்ற விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. 2008இல் அவரும் குழுவினரும் பொலிவியாவில் இன்னொன்றைக் காட்டினார்கள். அங்கே ஒரே இனத்தில் காரமுள்ள செடியும் காரமற்ற செடியும் கலந்து வளர்கின்றன. பூச்சிகள் பழத்தைத் துளைத்து, அந்தத் துளை வழியே ஃபியூசேரியம் பூஞ்சை விதைக்குப் போகும் ஆபத்து அதிகமுள்ள இடங்களில் காரச் செடிகள் அதிகம். கேப்சைசின் அந்தப் பூஞ்சையை மட்டுப்படுத்துகிறது.

அதாவது நாம் நாக்கில் உணர்வது ஒரு விதைப் பாதுகாப்பு மருந்தை. பழத்தைப் பிளந்து விதையைக் கழுவி எடுத்துக் குழித்தட்டில் போடும்போது அந்தக் காவலை நாமே கழற்றிவிடுகிறோம். நம்ம வீடுகளில் விதைக்கான மிளகாயைப் பழமாகவே காயவைத்து, வற்றலாக மாட்டிவைத்து, விதைக்கிற அன்றைக்கு உடைத்து விதை எடுப்பார்களே, அதை நான் மூடப்பழக்கம் என்று சொல்லமாட்டேன்.

சுவரோரம், கரண்ட் கம்பிக்கு அடியில் யாரும் போடாமலே காந்தாரி முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊசி மிளகாய் என்றும் தெற்கே சீனி மிளகாய் என்றும் சொல்வதும் அதேதான். வானத்தைப் பார்த்து நிற்கும் சின்னச் சிவப்புப் பழம், தொட்டாலே காம்பிலிருந்து கழன்று வரும். சின்னான் குருவி கொத்திக்கொண்டு போகத் தோதான வடிவம். இந்த வேலையில் குருவியே நம்மைவிட அனுபவசாலி.

சரி, தேதிக்கு வருவோம். உறைபனிக்குப் பதிலாக மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாளை எல்லையாக வையுங்கள். பகல் 32, 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் குளிராமல் போனால் மிளகாய்ப் பூ பிஞ்சாகாமல் உதிரும், செடி பார்க்கப் பச்சையாக இருக்கும், காய் மட்டும் இருக்காது. அதற்குள் ஒரு பன்னிரண்டு வாரமாவது காய் பறிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூவிலிருந்து பறிக்கிற பச்சைக்காய்க்கு 5 வாரம். நட்டதிலிருந்து பூவுக்கு 6 வாரம். விதையிலிருந்து நடுகிற நாற்றுக்கு 6 வாரம். கூட்டினால் 29 வாரம். மே 4இலிருந்து 29 வாரம் பின்னால் போனால் அக்டோபர் இரண்டாம் வாரம், புரட்டாசிக் கடைசி.

இதை நான் எக்ஸெலில் போட்டுக் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட வழியில்லை. ராமநாதபுரத்தில் முண்டு மிளகாய் போடும் மானாவாரி விவசாயிகள் காலங்காலமாகப் புரட்டாசியை ஒட்டித்தான் விதைக்கிறார்கள், நாற்றுகூட விடாமல் நேரடியாக நிலத்தில். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் பூத்து, வெயிலில் பழுத்து அதே வெயிலில் காய்ந்து வற்றலாகிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஜனவரி-பிப்ரவரியும் ஜூன்-ஜூலையும் செப்டம்பர்-அக்டோபரும் மூன்றுமே உண்டு. அது நிலத்துக்கு. தரையில் வேர் ஆழமாக இறங்கினால் கீழே மண் குளிர்ச்சியாக இருக்கும். மாடித் தொட்டியில் நாலு பக்கமும் சூடு. தையில் விதைத்தால் சித்திரை பிறக்கும்போதுதான் பூக்கும், மூன்று வாரத்தில் கத்திரி வந்துவிடும். ஆடியில் விதைத்தால் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது ஐப்பசி அடைமழை. தொட்டிக்குப் புரட்டாசிதான் என் ஓட்டு. அதிலும் நாற்று நிற்கும் ஆறு வாரமும் மழை நேராக அடிக்காத கூரை வேண்டும். காந்தாரி முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், பூக்கவும் நாளாகும், அதை ஆவணியிலேயே தொடங்கிவிடலாம். பல வருஷம் நிற்கிற செடி என்பதால் ஒரு கத்திரி போனாலும் அடுத்த மழையில் துளிர்க்கும்.

நம்ம மாவட்டத்திலேயே மேற்கே கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கவேண்டாம். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி குறையும். அங்கே கோடை நமக்கு மார்கழி இல்லைதான், ஆனால் தையில் விதைத்தாலும் சமாளிக்கலாம். மார்கழி ராத்திரியில் மண் குளிர்ந்து முளைப்பு இழுப்பதுதான் அவர்கள் பார்க்கவேண்டிய பக்கம். ஹாரிங்டன் பட்டியலின் முதல் பாதி அவர்களுக்கு.

விதை எங்கிருந்து? பண்ருட்டிப் பக்கம் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பி.எல்.ஆர். 1, கோவில்பட்டியின் கே 1, கே 2, இதெல்லாம் ரகங்கள். விதை எடுத்து மறுபடி விதைத்தால் ஏறக்குறைய தாய் மாதிரியே வரும். நர்சரியில் கிடைக்கும் பளபள பாக்கெட்டுகளில் பல வீரிய ஒட்டு. அதில் எடுத்த விதை முளைக்கும், ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு முகமாக இருக்கும். இளஞ்சிவப்பு, நீலச் சாயம் பூசிய விதை என்றால் மருந்து கலந்தது, குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மளிகைக்கடை வற்றலில் எடுத்த விதையும் பலசமயம் முளைக்கும். அது எந்த வயலில் எந்த ரகம் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

எதுவாக இருந்தாலும், விதை நிறைய இருந்தால் முதலில் பத்தை மட்டும் ஈர டிஷ்யூ பேப்பரில் வைத்து வீட்டுக்குள் பதினான்கு நாள் பாருங்கள். ஆறு முளைத்தால் அரசுத் தரம். இரண்டு முளைத்தால் குழிக்கு மூன்றாகப் போடுங்கள். இருபதே இருக்கிறதென்றால் பத்து பத்தாக இரண்டு தவணை, இரண்டு வார இடைவெளியில். பேக்கப் இல்லாமல் புரொடக்‌ஷனில் கை வைக்காதே என்று ஆபீசில் சொல்வோமே, அதுதான்.

நாற்று ஐந்தாறு இலை விட்டு, 35 முதல் 45 நாளுக்குள் தொட்டிக்குப் போகலாம். சாயங்காலம் நடுங்கள். நாற்றுப் பருவத்தில் கொசுவலை மாதிரி நெருக்கமான வலை போட்டு வைப்பது நல்லது, ஏனென்றால் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை வைரஸ் இளஞ்செடியைப் பிடித்தால் மீட்க வழியில்லை. இலை மேல்பக்கமாகப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்தால் சிலந்தி. இந்த இரண்டுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலில் ஆரம்பிக்கலாம். இதுபற்றித் தனியாக எழுதவேண்டும்.

காய்க்கத் தொடங்கியதும் அடுத்த வருஷ விதைக்கான செடியை அப்போதே முடிவு செய்து நூல் கட்டிவிடுங்கள். மிளகாய் பெரும்பாலும் தன் மகரந்தத்தில்தான் சூல்கொள்ளும், ஆனாலும் தேனீ வந்து கலப்பது கணிசம். சான்று விதை உற்பத்திக்கு வேறு ரகத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கச் சொல்கிறார்கள், நம்ம மாடியில் அது நடக்காது. ஒரு கிளையில் மொட்டுகள் விரியும் முன்னே மெல்லிய வலைப்பை (தாம்பூலத்துக்குக் கொடுப்பார்களே, அது) கட்டி, பூ பூத்ததும் தினமும் லேசாகத் தட்டிவிட்டால் போதும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிடுங்கள். முழுக்கச் சிவந்த பிறகு பறித்து, ஒரு வாரம் நிழலில் வைத்து, அப்புறம் விதை எடுங்கள்.

சேமிப்புக்கும் ஹாரிங்டனே ஒரு விதி சொல்லியிருக்கிறார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தால் இன்னொரு இரட்டிப்பு. நம்ம ஊர் அறை வெப்பத்தில் இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துவிடும் விதை, நன்றாக நிழலில் உலர்த்தி, இறுக்கமான கண்ணாடிக் குப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பல வருஷம் கிடக்கும். குப்பிக்குள் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு ஸ்பூன், ஒரு துணியில் முடிந்து. ரகத்தின் பெயரும் வருஷமும் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள், வெளியே ஒட்டினால் ஃபிரிட்ஜ் ஈரத்தில் கழன்றுவிடும். அடுத்த புரட்டாசியில் குப்பியை எடுத்ததும் உடனே திறக்கவேண்டாம். அறைச் சூட்டுக்கு வரும் வரை அப்படியே வைத்திருந்து திறங்கள், இல்லையென்றால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த விதை மேல் வியர்த்துவிடும்.